சித்தப்பாவின் குதிரைக் கணக்கு

என் சித்தப்பா குதிரைப் பந்தயத்தில் தோற்றதே இல்லை, குதிரைகள்தான் தோற்றன என்பது அவர் கட்சி. சித்தியின் வளையல்கள் அப்படித்தான் மெட்ராஸுக்குப் போய்த் திரும்பாமல் போயின. சித்தி சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டாள். திட்டித் தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று சித்தப்பா என் அப்பாவிடம் புலம்பினார். அதன் பிறகுதான், இனி கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுவதில்லை, எதற்கும் ஒரு முறை வேண்டும் என்று முடிவு செய்தார். எழுபதுகளில் நடந்த கதை இது. நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன்.

திருவண்ணாமலையில் ஒரு கடலை மண்டியில் அவருக்கு எடை போடும் வேலை. மூட்டையைத் தூக்கும்போதே உள்ளே கல் கிடப்பதைச் சொல்லிவிடுவார் என்று பேர். அந்த மூளையை அப்படியே குதிரைகள் பக்கம் திருப்பினார். என் சிலேட்டைப் பிடுங்கி, வீட்டுப்பாடத்தை அழித்துவிட்டு, பேப்பரைப் பார்த்துக் குதிரைகளின் பெயர்களை எழுதுவார். ஊரே புகழும் குதிரையின் பெயரை முதலில் அடிப்பார். முதுகில் எடை ஜாஸ்தியாக ஏற்றிய குதிரை அடுத்தது. சமீபத்தில் ஓடாமல் கொள்ளு தின்றுகொண்டிருந்த குதிரையும் போகும். மிச்சம் நிற்பதுதான் நம்முடையது.

முறை சரிதானா என்று பார்க்க என்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போவார். பௌர்ணமிக்கு வந்திறங்கும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஜட்கா வண்டிகள் கோயிலுக்குக் கிளம்பும். முந்தப்போவது எது என்று சொல்லிவிட்டு, என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துத் தேரடிவரை பின்னாலேயே மிதிப்பார். பெரும்பாலும் அவர் சொன்ன வண்டிதான் முந்தியது. குண்டான குடும்பம் ஏறிய வண்டி ஒருநாளும் ஜெயித்ததில்லை.

முறையின் கடைசிப் படி மட்டும் தெருமுனைப் பிள்ளையாரிடம் இருந்தது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ மடித்து சாமி முன்னால் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் பந்தயம், சிவப்பு வந்தால் இல்லை. எடுப்பது நான். கேட்கிறவர் கையால் மடிக்கக் கூடாது என்று சொல்லி, அந்த வேலையைச் சித்தப்பா சித்தியிடம் கொடுத்திருந்தார். அவளும் மறுபேச்சில்லாமல் மடித்துக் கொடுப்பாள். வாராவாரம் சிவப்பே வந்தது. சித்தப்பாவும் மெட்ராஸுக்குப் போகப் போட்ட சட்டையைக் கழற்றி மாட்டிவிடுவார்.

ஒரு மார்கழியில் சிலேட்டில் ஒரே ஒரு குதிரை நின்றது. அப்படி ஒரு குதிரை இனிப் பிறந்துதான் வரவேண்டும் என்றார் சித்தப்பா. கையில் பணமில்லை. சித்தியின் தையல் மிஷினை விற்பதென்று கீழ்பென்னாத்தூர் தையல்காரர் ஒருவரிடம் பேசி முடித்து, வண்டியோடு வரச் சொல்லிவிட்டார். அது சித்தி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தெருவுக்கே ரவிக்கை தைத்து அவள் கையில் நாலு காசு பார்த்ததெல்லாம் அதில்தான். என் பொங்கல் பாவாடை வேறு ஊசிக்கடியில் பாதியில் கிடந்தது. எனக்கு அழுகையாக வந்தது.

எல்லோரும் பிள்ளையார் முன்னால் நின்றோம். தையல்காரரும் கூட வந்திருந்தார். நான் எடுத்த பொட்டலத்தில் செவ்வரளி. சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. பாவாடை பிழைத்த சந்தோஷத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. மயிரிழையில்தான் வெள்ளை தப்பியது என்று காட்டலாமே என்று அடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

"சித்தப்பா, இதுலயும் செவப்புதான் இருக்குது."

சித்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சித்தப்பா இரண்டு பூக்களையும் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தலையில் குட்டிக்கொண்டு தையல்காரரிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா? வெள்ளப் பூவையே செவப்பாக்கிட்டாரு. இதுக்கு மேல சாமி எப்படிங்க சொல்லுவாரு?"

தையல்காரர் தோப்புக்கரணம் போட்டுவிட்டு வெறும் வண்டியோடு போய்விட்டார். மிஷின் பக்கமே அவர் திரும்பவில்லை.

திங்கட்கிழமை பேப்பரில் அந்தக் குதிரை முதலாவதாக வந்திருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னவள் நான்தான். சித்தப்பா பேப்பரை வாங்கி மடித்துவிட்டு, சித்தியிடம் இன்னொரு டம்ளர் காபி கேட்டார். சிலேட்டு அன்றோடு எனக்கே திரும்பி வந்தது.

பூ நிறம் மாறிய அற்புதத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். தாவணி போட்ட வயதில் சித்தியின் வேலை புரிந்தபோது, இவ்வளவு பெரிய கணக்குப்புலி இரண்டு அரளிப்பூவில் ஏமாந்தாரே என்று சிரித்தேன். தூக்கிப் பார்த்தே மூட்டைக்குள் கல் கிடப்பதைச் சொல்கிற மனிதர், வாராவாரம் பொட்டலம் மடிக்கும் வேலையை ஏன் சித்தியிடமே கொடுத்தார் என்று அப்போதும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.