ருசி தெரியாமல் ஒரு நேரலை

அந்தப் பெண் டயட்டீஷியன் வேலையில் சேர்ந்தபோது சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதைச் சமையல் வேலை என்று நினைத்தார்கள். மீதிப் பேர் நோயாளிகளைப் பட்டினி போடும் வேலை என்று நினைத்தார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவில் வேலை. கட்டில் கட்டிலாகப் போய், யாருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு, எந்தப் பழம் ஆகாது என்று சொல்ல வேண்டும். எல்லாரும் பவ்யமாகத் தலையாட்டுவார்கள். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் தலையணைக்கு அடியில் சிப்ஸ் பாக்கெட் சரசரக்கும்.

அப்படி ஒருநாள் ஒரு முதியவரிடம் பேசிக்கொண்டிருந்ததை, அவரைப் பார்க்க வந்திருந்த மகன் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் பத்திரிகைக்காரர். "இதையே எங்களுக்கு எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்த முதல் கட்டுரை அப்படியே திரும்பி வந்தது. பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது, என் மாமியாருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லியனுப்பியிருந்தார். அன்றிலிருந்து முகம் தெரியாத அந்த மாமியாரை எதிரே உட்காரவைத்துத்தான் அவர் எழுதினார். பத்திரிகையைப் பார்த்து வானொலி கூப்பிட்டது. வானொலியைக் கேட்டு ஒரு தொலைக்காட்சி கூப்பிட்டது.

தொலைக்காட்சியில் அது காலை நேரலை நிகழ்ச்சி. சமையல் மாஸ்டர் ஒருவர் சமைப்பார். தொகுப்பாளினி கேள்வி கேட்பார். இவர் அதில் என்ன சத்து, யார் சாப்பிடலாம், யார் கூடாது என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கரண்டி ருசி பார்ப்பார். வாய் திறந்தால் உப்பைக் குறைக்கச் சொல்வதால், மாஸ்டர் அவருக்கு 'உப்பு மேடம்' என்று பெயர் வைத்தார். தெருவிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மருத்துவமனை வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டார். பிழைப்பு மெல்ல மெல்ல ஸ்டூடியோ பக்கம் சாய்ந்தது.

அப்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. சளியும் இருமலுமாகப் படுத்தியெடுத்துவிட்டுப் போனது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. காபி வெறும் சூடாக இருந்தது. ஆரஞ்சுப் பழம் ஈரப் பஞ்சாக இருந்தது. உப்பைத் தனியாக நாக்கில் வைத்துப் பார்த்தார். மணலை வைத்த மாதிரிதான் இருந்தது.

கணவருக்கு மட்டும் சொன்னார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதற்கும் சட்டென்று பதறமாட்டார். "நாக்கு லீவு போட்டிருக்கு, வந்துடும். எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்றார். தான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே இதைக் கேட்டால் மாலைக்குள் எல்லா மாடிக்கும் தெரிந்துவிடும் என்று இவர் தள்ளிப்போட்டார். ருசி தெரியாத உணவு நிபுணரை எந்தச் சேனல் வைத்துக்கொள்ளும்?

நிகழ்ச்சியில் எப்படியோ சமாளித்தார். கரண்டியை வாயில் வைக்கும்போது மாஸ்டரின் முகத்தைப் பார்ப்பார். மாஸ்டர் மலர்ச்சியாக இருந்தால் இவரும் கண்ணை மூடி, "அருமை" என்பார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிடுவார். நிகழ்ச்சியில் மற்றவர்களுக்குச் சொல்லும் ஒன்றையும் தான் செய்வதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஒரு காலை, பூசணிக்காய் சூப். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கான சிறப்பு நிகழ்ச்சி. மாஸ்டர் உப்புப் போட்டதைக் கவனிக்காமல் உதவியாளரும் ஒருமுறை போட்டுவிட்டார். அது யாருக்கும் தெரியாது. இவர் ஒரு கரண்டி எடுத்தார், மாஸ்டரைப் பார்த்தார், "உப்பு ரொம்ப அளவா இருக்கு. வீட்ல செய்யும்போது இதே ருசிக்கு வர்ற மாதிரி போட்டுக்கங்க" என்றார். அடுத்து தொகுப்பாளினி ஒரு வாய் குடித்தார். இருமல் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் கட்ட, சிரித்துச் சமாளித்து, விளம்பர இடைவேளை என்று அறிவித்துவிட்டார்.

மாஸ்டர் சூப்பை நக்கிப் பார்த்து வெளிறிப்போனார். இவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "என்னைக் காப்பாத்திட்டீங்க மேடம். சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றார். தயாரிப்பாளரும் ஓடிவந்தார். அவரும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். மேடத்துக்குப் பெரிய மனசு, மாஸ்டரை விட்டுக்கொடுக்கவில்லை, இடைவேளை முடிந்ததும் விளையாட்டுக்குச் செய்தோம் என்று சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம் என்றார்.

தப்பிக்கிற வழியைத் தட்டில் வைத்து நீட்டியிருந்தார்கள். நல்லவர் என்ற பெயர் வேறு. அவர் ஒரு கணம் அதை எடுத்துக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் வார்டில் படுத்திருக்கும் முகங்கள் நினைவுக்கு வந்தன. 'இதே ருசிக்கு' என்று அவர் சொல்லியாயிற்று. யாராவது ஒரு வீட்டில் அதை நம்பி உப்பு டப்பாவைத் திறந்திருப்பார்கள்.

"நான் யாரையும் காப்பாத்தலை சார். எனக்கு நிஜமாவே தெரியலை" என்றார்.

தயாரிப்பாளர் என்ன தெரியவில்லை என்று கேட்பதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது.

கேமரா முன்னால் அவர் சுற்றி வளைக்கவில்லை. "சூப்புல உப்பு ரொம்ப அதிகம். நான் அளவா இருக்குன்னு சொன்னது தப்பு, அப்படிச் செய்யாதீங்க. காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனையும் ருசியும் தெரியலை. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன், மன்னிச்சுக்கங்க." பிறகு எவ்வளவு உப்புப் போட வேண்டும் என்று கரண்டிக் கணக்கில் நிதானமாகச் சொன்னார். சொல்லி முடித்தபோது தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வேலை போய்விடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அன்று ஒப்பனை அறையில் உட்கார்ந்து, யாரோ வாங்கி வைத்திருந்த ஆறிப்போன ரொட்டியை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். அப்படிப் பசித்து வெகுநாளாகியிருந்தது.

தயாரிப்பாளர் கடுகடுவென்றுதான் வந்தார். ஆனால் அதற்குள் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிட்டது. திட்டியவர்கள் சிலர் இருந்தார்கள். மற்றவர்கள் வேறு விஷயம் பேசினார்கள். புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு எல்லாம் தகரம் மாதிரி இருக்கிறது என்று மனைவி தட்டைத் தள்ளிவிடுகிறாள் என்றார் ஒருவர். அப்பா வாசனை தெரியாமல் கெட்டுப்போன குழம்பைச் சாப்பிட்டுவிட்டார் என்றார் இன்னொருவர். "ருசி தெரியாதவங்க என்னதான் சாப்பிடுறது?" என்று கேட்ட ஓர் அம்மாளுக்கு, தயாரிப்பாளர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு இவரிடமே கேட்டுப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இவரிடம் பதில் இருந்தது. வார்டில் ருசியும் பசியும் போன நோயாளிகளுக்கு இத்தனை நாள் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார், தான் மட்டும் செய்யாமல்! மொறுமொறுப்பும் வழவழப்பும் கலந்து வைப்பது, சூட்டோடு குளிர்ச்சியைச் சேர்ப்பது, பசி எடுக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுவது, உப்பையும் சர்க்கரையையும் நாக்கை நம்பாமல் அளந்து போடுவது. அடுத்த வாரமே அது தனி நிகழ்ச்சியாயிற்று. ருசி பார்க்கும் பொறுப்பு தொகுப்பாளினிக்குப் போனது. அந்தப் பெண் முதல் வாய் எடுக்கும் முன் கையெடுத்துக் கும்பிட்டு, "மாஸ்டர், என் உயிர் உங்க கையில" என்றாள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் ஒருவழியாகப் போனார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று அவர் நன்றாகத் திட்டினார். பரிசோதித்துவிட்டு, பெரிய கோளாறு எதுவும் இல்லை, நரம்பு சோர்ந்திருக்கிறது, பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா என்று சின்னச் சின்னக் குப்பிகளைக் கொடுத்துத் தினமும் மோந்து பார்க்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இவர் காலையும் மாலையும் மூக்கைப் பழக்கினார். உப்பு முதலில் வந்தது. புளிப்பு கொஞ்சம் தயங்கி வந்தது. வாசனை மட்டும் வருவதாக இல்லை.

ஒரு விடுமுறை நாள் காலை. அவர் கூடத்தில் அடுத்த நிகழ்ச்சிக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். கணவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பதாக வந்த அழைப்பில் மூழ்கிவிட்டார். திடீரென்று என்னவோ கருகுவது போல, கசப்பாக, இவருடைய மூக்கின் ஓரத்தில் ஏதோ உரசியது. அவர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்திருந்தது. கணவரும் பின்னாலேயே ஓடிவந்து அடுப்பை அணைக்கக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்று இவர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா தீயட்டும்."