தேசியிலைக்காக வேலியடிக்குப் போன அம்மா

சந்தையில் வாங்கிய தேசியிலையை, அந்த எலுமிச்சை இலையை, இன்று விரலால் கசக்கியபோது, லிங்கநகரில் இப்போது இல்லாமல் போய்விட்ட எங்கள் வீட்டில் அம்மா சமைத்த குசினியின் யன்னலும், வண்ணத்துப்பூச்சியாகட்டும் என்று நானும் தம்பியும் அங்கே போத்தலில் வளர்த்த ஐந்து பச்சைப் புழுக்களும் நினைவுக்கு வந்தன. தொட்டால் செம்மஞ்சள் கொம்பு நீட்டி இதே வாசனையை வீசும் அவை, பகல் முழுவதும் இலையை விளிம்பிலிருந்து தின்றுகொண்டே இருக்கும்.

சண்டைக்காலம் அது. துறைமுக வேலைக்குப் போன அப்பா திரும்புமுன் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் இலை தீர்ந்தது. தேசிமரம் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் வளவில் நின்றது. அவருடைய கோழிகள் எங்கள் மிளகாய்க் கன்றுகளைக் கிளறிய நாளிலிருந்து அம்மா அவரோடு கதைப்பதில்லை.

"புழு சாகப்போகுதம்மா," என்று தம்பி அழுதான். அம்மா எழுந்து வேலியடிக்குப் போனார்.

"அக்கா, கொஞ்சம் தேசியிலை தருவீங்களோ?"

"ஏன், பிள்ளையளுக்கு வயித்துக்குத்தோ?"

"இல்லையக்கா, புழுவுக்கு."

மல்லிகா அக்கா சிரித்துவிட்டார். கொப்பொன்றை முறித்து நீட்டியவர், "அவர் வந்திட்டாரோ?" என்று மெதுவாகக் கேட்டார். எங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்த அழுகை அம்மாவுக்கு அப்போதுதான் வெடித்தது. அக்கா வேலிக்கு மேலால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அப்பா வந்து சேர்ந்தார். அவருக்குத் தேநீர் ஊற்றுமுன் அம்மா ஓடியது வேலியடிக்குத்தான். சில வாரங்களில் கறுப்பும் மஞ்சளுமாய் முதல் வண்ணத்துப்பூச்சி வெளிவந்தபோது, மல்லிகா அக்கா வரும்வரை நாங்கள் போத்தலைத் திறக்கவில்லை.