எச்சிலில் தேடிய வயது

எச்சிலைப் பார்த்து வயது சொல்வது என் தொழில். விண்ணப்பப் படிவத்தில் ‘வயது’ என்ற கட்டத்தைக் கண்டு ஒரு தடவையாவது திணறியிருப்பீர்கள் அல்லவா? உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நாங்கள் படித்துவிட்டுத் திணறுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

றிஹானாவின் முப்பத்தொன்று

றிஹானா மருதமுனைப் பிள்ளை. சுனாமி அன்று தனியாக அழுதுகொண்டு நின்றவளை ஊரார் அக்கா முறையில் ‘ராத்தா’ என்று அழைக்கும் மைமூன் ராத்தா தூக்கி வந்து வளர்த்தார். பெற்றவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. முகாமில் பதிந்தவர் ஒரு பார்வை பார்த்து ‘சுமார் எட்டு’ என்று எழுதிவிட்டார். அந்தக் கணக்குப்படி இப்போது இருபத்தொன்பது. அவள் சேர ஆசைப்பட்ட தாதியர் பயிற்சிக்கு வயதெல்லை இருபத்தெட்டு. உத்தேச வயதுச் சான்றிதழைத் திருத்த வேண்டுமென்றால் ஏதாவது ஆதாரம் கொண்டு வரும்படி சட்ட வைத்திய அதிகாரி சொல்லியிருந்தார். விண்ணப்பம் முடிய ஒரு மாதம் இருந்தது.

ராத்தா அவளை எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கூட்டி வந்தார். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கினேன். வயது ஏற ஏற டிஎன்ஏயில் சில இடங்களில் சிறிய இரசாயன அடையாளங்கள் கூடும், சில இடங்களில் குறையும். துவைக்கத் துவைக்கச் சாரன் வெளுப்பது மாதிரி. வெளுப்பை அளந்தால் வயது வரும். அளந்தேன். முப்பத்தொன்று வந்தது. உதவப் போய் இரண்டு வயது கூட்டிவிட்டேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நான் வராமலே இருந்திருக்கலாம் சேர்,” என்றாள்.

என் எச்சில்

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோளாறு மெஷினிலா அவளிலா என்று பார்க்க என் எச்சிலையே போட்டேன். எனக்கு முப்பத்தெட்டு. மெஷின் நாற்பத்துநான்கு என்றது. எங்கள் சூத்திரம் வெளிநாட்டாரை அளந்து செய்தது. அது நம் ஆட்களுக்குக் கூட்டிச் சொல்கிறதோ என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியானால் றிஹானாவுக்கு இன்னும் வழியிருக்கிறது. வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன்.

“வயசு போயிட்டெண்டு நான் இத்தின வருசமாச் சொல்றன், நம்பல்ல. இப்ப மெஷின் சொன்னவுடன கண்ணாடியப் பாக்கிறீங்க,” என்றாள்.

நோன்பு மாதத்து யோசனை

சூத்திரத்தைத் திருத்த, வயது உறுதியாகத் தெரிந்த அறுபது உள்ளூர்வாசிகளின் எச்சில் வேண்டும். எச்சில் தருபவர் அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது. நோன்பு மாதம் வேறு பிறந்திருந்தது. ஊரே சாப்பிடாமல் இருக்கும் காலம்! இவ்வளவு நல்ல யோசனை ஏன் வேறு யாருக்கும் வரவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் வாசலில் குழாய்களோடு நின்றேன். முதலில் வந்த கடைக்கார ஹாஜியார் மரியாதைக்காகக் குழாயை வாங்கிக் கால் மணி நேரம் முயன்றார். அதன் அடி கூட நனையவில்லை. குழாயைத் திருப்பித் தந்தார்.

“வாயில ஈரம் இரிந்தா நான் ஏன் தம்பி நோன்பு திறக்கிற மஃரிபு வரைக்கும் மணிக்கூட்டப் பாத்துக்கிட்டு இரிக்கன்?” என்றார்.

எந்த வயது?

பிறகு இரவுத் தொழுகை முடிந்து வருபவர்களைப் பிடித்தேன். எச்சிலுக்குக் குறைவில்லை, வயதில்தான் இடி விழுந்தது. வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் வயதைக் கேட்டேன். இரண்டு தடவை சவூதிக்கு வேலைக்குப் போய் வந்தவர். முதல் பயணத்துக்கு வயது போதாதென்று ஏஜென்சிக்காரர் கூட்டி எழுதினாராம், அடுத்த பயணத்துக்குக் கூடிவிட்டதென்று குறைத்தாராம். சரியான வயது தெரிந்தவர்களைத் தேடி வந்த எனக்குத் தலை சுற்றியது. அவரோ எனக்கு உதவத்தான் பார்த்தார்.

“ஒங்களுக்கு எது வேணும்? பாஸ்போட் வயசா, ஐடி வயசா, சூறாவளி வந்த வருசம் பொறந்தண்டு உம்மா சொன்ன வயசா?” என்று கேட்டார்.

பல்

எப்படியோ அறுபது சேர்ந்தது. சூத்திரத்தைத் திருத்தி றிஹானாவை மறுபடி அளந்தேன். இருபத்தேழு! எழும்பி நின்றுவிட்டேன். பிறகுதான் எங்கள் கணக்கில் கூடக்குறைய நான்கு வருடம் பிழை வரலாம் என்பது நினைவுக்கு வந்தது. அதாவது இருபத்துமூன்றுக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் எங்கோ. எல்லைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி. சட்ட வைத்திய அதிகாரி அறிக்கையை வாசித்துவிட்டு, இதை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது என்று தன்மையாகச் சொன்னார். விண்ணப்பம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. றிஹானா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“முகாமில் எடுத்த ஏதாவது இருக்கிறதா?” என்று அதிகாரி கடைசியாக ராத்தாவைக் கேட்டார். ராத்தா கைப்பையைத் துழாவி, நிவாரண அட்டைக்கு எடுத்த படத்தை வைத்தார். பின்னால் திகதியோடு முத்திரை. சுனாமிக்கு அடுத்த மாதம். படத்தில் சின்ன றிஹானா வாய் நிறையச் சிரிக்கிறாள். கீழ் வரிசையில் முன்பல் ஒன்று இல்லை, மேலே எல்லாம் பால்பல். அதிகாரி உருப்பெருக்கும் வில்லையை வைத்து வெகுநேரம் பார்த்தார். “எட்டு இல்லை, எட்டென்றால் மேல் முன்பல்லும் விழுந்து முளைத்திருக்கும். ஆறு, மிஞ்சினால் ஏழு. இப்போது இருபத்தெட்டைத் தாண்டாது,” என்று பேனாவைத் திறந்தார். இருபது வருடம் ஒரு கைப்பைக்குள் கிடந்த ஆதாரம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. இதை ஏன் முதல் நாளே காட்டவில்லை என்று ராத்தாவிடம் கேட்டேன்.

“நீங்க எச்சிலத்தானே மனே கேட்டீங்க, பல்லக் கேக்கல்லயே,” என்றார்.

பன்னிரண்டு வருடம் படித்து, வெளிநாட்டிலிருந்து மெஷினும் இறக்கி, உங்கள் வயதை எட்டு வருட இடைவெளிக்குள் நாங்கள் கச்சிதமாகக் கண்டுபிடித்துத் தருவோம். மிச்சத்தைத் தயவுசெய்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.