மூன்று பேர் பதிந்த வீடு

புது லயத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து பேச்சியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் மற்றப் பெண்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்குவார்கள். இவள் மட்டும் மேட்டுக்கு ஏறுவாள். அங்கே ஒரே வரிசையாக எட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு அறை, தனிக் குசினி, புகைபோக்கி, ஜன்னல். ஈரம் காயாத சிமெந்துத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். "எப்பா, எப்பா!" என்று சிங்களத்தில் தடுத்தபடி தரை பூசிய மேசன் பாஸ் ஓடி வருவார். சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொள்வாள். மறுநாளும் போவாள்.

அவள் குடியிருந்த பழைய லயத்தில் இருபத்துநான்கு ஒற்றையறைக் காம்பராக்கள், முதுகோடு முதுகு ஒட்டியபடி. ஒரு காம்பராவுக்குள் ஐந்து பேர்: பேச்சியம்மா, கணவன் சோலைமலை, மகள் அழகம்மா, சின்னப் பையன்கள் இருவர். அடுப்பும் அதற்குள்ளேதான். புகை போக வாசலை விட்டால் வேறு வழியில்லை. சோலைமலைக்குத் தேயிலைத் தூள் அரைக்கும் ஸ்டோரில் சல்லடை வேலை. பகலெல்லாம் தூசியைத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து புகையைத் தின்று இருமுவான். மழைக் காலத்தில் எந்த இடத்தில் எந்தச் சட்டியை வைக்க வேண்டும் என்று பையன்களுக்குக்கூடத் தெரியும்.

தைப் பொங்கல் கழிந்த வாரம், வேலைக்கு ஆள் பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை விஷயத்தைச் சொன்னார்.

"புது வீடு மூணு பேரு பதிஞ்ச குடும்பத்துக்குத்தான். தொர சொல்லிட்டாரு."

பேர் பதிவதென்றால் தோட்டத்தில் வேலையாளாகச் சேர்வது. பேச்சியம்மா வீட்டில் இரண்டு பேர்தான் பதிந்திருந்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஐயா, இருவது வருசமா கொழுந்து எடுக்கிறேன். எனக்கு இல்லீங்களா?"

"ஒனக்கு என்ன பேச்சி, வூட்டுல வளந்த பொண்ணு இருக்கே. பேரப் பதி. நாளைக்கே சாவி."

அழகம்மாவுக்குப் பதினான்கு வயது. அக்கரப்பத்தனையில் எட்டாம் வகுப்பு. மூன்று மைல் நடந்து போய் மூன்று மைல் நடந்து வருவாள். அந்த லயத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய ஒரே பெண்பிள்ளை அவள்தான்.

அன்று மலையில் பேச்சியம்மாவின் கை கொழுந்தில் இருந்தது, கண் மேட்டில் இருந்தது. சாயங்காலம் புருஷனிடம் கேட்டாள்.

"என்னங்க செய்யலாம்?"

"ஒன் இஷ்டம்" என்றான் சோலைமலை.

"என் இஷ்டம்னா? ஒங்களுக்குப் புள்ள இல்லியா அவ?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி இருமினான். அடுப்பை ஊதப் போனவள் ஊதாமல் எழுந்தாள். வாசலுக்குப் போனாள், திரும்ப வந்தாள். பக்கத்துக் காம்பரா மீனம்மா எட்டிப் பார்த்து, "ஏன்டி கெடந்து அல்லாடுற? படிச்சு என்ன கவர்மெண்டுக் கச்சேரிக்கு வேலைக்கா போகப் போவுது?" என்றாள்.

முடிவை மழை எடுத்தது. அடுத்த ஞாயிறு பொழிந்த மழையில் கூரைத் தார்த் தகடு பிய்ந்து, மூலையில் இருந்த பெட்டிமேல் தண்ணீர் இறங்கியது. அழகம்மாவின் கொப்பிகள் அதில்தான் இருந்தன. சரித்திரக் கொப்பி முழுக்க மை கரைந்து நீலக் கூழாகிவிட்டது. பக்கங்களைப் பிரிக்கப் பார்த்தாள்; கையோடு வந்தன. அழவில்லை.

"நான் பேரப் பதிஞ்சிக்கிறேம்மா" என்றாள். "தம்பிகளாச்சும் நனையாம இருக்கட்டும்."

பேச்சியம்மா மறுநாள் பெரட்டுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

புது வீட்டுக்குப் போன முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. பையன்கள் வழுவழுத்த தரையில் சறுக்கி விளையாடினார்கள். புகை தானாக மேலே போவதை எல்லோரும் குசினி வாசலில் நின்று பார்த்தார்கள். சோலைமலை பெட்டிப் பலகையை அறுத்துச் சுவரில் தட்டு அடித்தான், ஜன்னலுக்குக் கீழே பாத்தி கட்டினான். இருமல் குறைந்தது. சாப்பிட்ட பிறகு பையன்களுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தான். அவனுக்குக் கதை தெரியும் என்பதே பேச்சியம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அழகம்மா தாய்க்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தாள். விரல் நுனிகள் வெடித்துக் கறுத்தன. முறையிடவில்லை. ஆனால் தினமும் ஏழரை மணி வாக்கில் கீழே ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு போகும்போது, அவள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். கூடையைச் சரிசெய்வதுபோல, காலில் அட்டை பார்ப்பதுபோல ஏதாவது ஒன்று. சத்தம் வளைவு தாண்டிப் போன பிறகுதான் திரும்புவாள். பேச்சியம்மா அதை ஒரு நாள் பார்த்தாள். அதன் பிறகு தினமும் பார்த்தாள்.

வீட்டில் அவளால் உட்கார முடியவில்லை. கூட்டிய தரையையே மறுபடி கூட்டினாள். விருந்தாளியாக வந்த மீனம்மா, "இவ்வளவு சொகுசான வூட்டுல குந்தவே மாட்டேங்கிறியே" என்றாள். "குந்துனா என்னமோ குத்துது" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மா தண்ணீருக்குப் போனாள். தண்ணீர்க் குடம் நிறைந்துதான் இருந்தது.

குடிபோன ஐந்தாம் மாதம், பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"ஐயா, மகள் பேர வெட்டிருங்க."

கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "வெட்டுனா வீடு போயிரும்."

"தெரியும்ங்க."

"பைத்தியமா ஒனக்கு? புது வீட்டத் திருப்பிக் குடுத்தவங்க இந்தத் தோட்டத்துல யாருமில்ல. பழைய காம்பராவுக்கும் ஆள் வந்தாச்சு. கடைசிக் காம்பராதான் இருக்கு, சாக்கடைக் கான் ஓரத்துல."

"அதக் குடுங்க."

விஷயம் அவளுக்கு முன்னால் ஸ்டோருக்குப் போய்விட்டது. சாயங்காலம் சோலைமலை பாத்தி ஓரத்தில் நின்றான். அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டது அன்றுதான்.

"என்னயக் கேட்டியா?"

"அன்னைக்குக் கேட்டேனே. ஒன் இஷ்டம்னீங்க."

"அன்னைக்கு இந்த வீடு எனக்குத் தெரியாது, புள்ள. நெஞ்சு நெறைய மூச்சு வுட்டு எத்தன வருசமாச்சு, தெரியுமா?"

நான்காம் நாள் சோலைமலை அம்மியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். சுவரில் அடித்த தட்டைக் கழற்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் யேசுரட்ணம், "வருசம் போயிருச்சும்மா. அடுத்த தையில அதே எட்டுலதான் உக்காரணும்" என்றார். தன்னைவிடச் சின்னவர்களோடு கடைசி வாங்கில் உட்கார்ந்து அழகம்மா படித்தாள். கான் ஓரக் காம்பராவில் ஈரம் ஏறிய சுவருக்குப் பக்கத்தில், விளக்கைக் கதவோரம் நகர்த்தி நகர்த்திப் படித்தாள். அறுபத்துநாலில் எஸ்.எஸ்.ஸி. பரீட்சை எழுதித் தேறினாள். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பிறகுதான் தெரிந்தது, வம்சம் இந்தியா என்று பிரஜா உரிமை மறுக்கப்பட்ட தோட்டத்துப் பிள்ளை அரசாங்க உத்தியோகத்துக்கு எழுதிப்போட முடியாதென்று. ஆசிரியர் பயிற்சிக்கும் கேட்டுப் பார்த்தார்கள், கதவு திறக்கவில்லை. கடைசியில் தோட்டத்து மருந்துக் காம்பராவில் நோயாளிகள் பதிவுப் புத்தகம் எழுதவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் சேர்த்துக்கொண்டார்கள்.

"இதுக்காடி அந்த வூட்ட வுட்ட?" என்று பெண்கள் கேட்டார்கள். ஒருத்தியிடம், "ஆமா, இதுக்குத்தான்" என்று சண்டைக்குப் போனாள் பேச்சியம்மா. இன்னொருத்தியிடம் பேசாமல் கொழுந்தெடுத்தாள்.

சோலைமலைக்கு இருமல் பழையபடி வந்துவிட்டது. மகள்தான் மருந்து கொண்டுவந்து, எத்தனை வேளை என்று அப்பனுக்கு அதட்டிச் சொல்லிக் கொடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே பேச்சியம்மா கேட்டாள்.

"ஏங்க, நான் செஞ்சது தப்புங்களா?"

அவன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான்.

"எனக்கு அந்த வீடு புடிச்சிருந்திச்சு" என்றான். "அவ ரோட்டுக்கு முதுகக் காட்டி நிக்கிறத நானும் ஒரு நாள் ஸ்டோர் மாடியிலேருந்து பாத்தேன். பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வீடு போயிருமேன்னு."

பேச்சியம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, தன் சோற்றைத் தொடாமல் எழுந்து வெளியே நடந்தாள்.