கண்ணோரத்தில் துடித்த வெளிச்சம்

எங்கள் தாம்பரம் வீட்டுக்கு டெலிவிஷன் வந்த புதிதில், ஞாயிறு சாயங்காலம் தெருவே எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். சினிமா பாதியில் இருக்கும்போது குடும்ப ஜெப நேரம் வந்துவிடும். வந்தவர்களை எழுந்து போகச் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் சத்தத்தை மட்டும் அடக்கிவிடுவோம், படம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டார் நாங்கள் பக்கத்துச் சுவரில் தொங்கும் பைபிள் வசன காலண்டர் முன்னால் முழங்கால் போட்டு ஜெபிப்போம். அக்கம்பக்கத்தார் ஊமைப்படம் பார்த்தபடி எங்கள் ஆமெனுக்காகக் காத்திருப்பார்கள்.

அப்படி முழங்காலில் இருந்தபோதுதான் ஒரு நாள் அது தெரிந்தது. இடது கண்ணோரத்தில் பெட்டியின் வெளிச்சம் படபடவென்று துடித்தது. திரும்பி நேராகப் பார்த்தேன். வெளிச்சம் நிலையாக இருந்தது. காலண்டர் பக்கம் திரும்பினால் மறுபடி துடிப்பு. ஜெபத்தில் பெட்டியை அணைக்காமல் விட்டதற்கு ஆண்டவர் கண்டிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்டிப்பு என்றால் ஏற்றுக்கொள்ளலாம். பிறகுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் பார்வை போனது ஓரத்திலிருந்துதான். பக்கவாட்டில் என்னவோ மினுக்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தவர்கள், கடைசியில் எங்கள் முகங்களைத் தடவித்தான் அடையாளம் கண்டார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மீனம்பாக்கத்தில் ஓர் ஆபீசில் கிளார்க். டெலிவிஷன் விற்ற கடைக்காரர் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. பெட்டி நொடிக்கு இருபத்தைந்து படம் காட்டுகிறதாம், சினிமாவில் இருபத்துநாலுதானாம், கொட்டகையில் யாருக்காவது துடிக்கிறதா என்று கேட்டார். என்னைத் தேற்றத்தான் கேட்டார். ஆனால் பெட்டியில் குறை இல்லையென்றால் குறை என் கண்ணில்தானே? சொல்லி முடித்த பிறகு அவருக்கும் அது உறைத்தது. மறுநாளே ஆபீசில், அடுத்த திங்கட்கிழமை என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக லீவு போட்டுவிட்டு வந்தார். அதுவரை ஊசியில் நூல் கோக்கவே பயந்துகொண்டிருந்தேன். ஜெபத்தில் கண்ணைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளையிலிருந்து என் தம்பி வந்தான். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் பெட்டியைப் போட்டதும் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி அதன் முன்னால் விசிறி போல ஆட்டினான். ஒரு குச்சி ஐந்தாறு குச்சியாகத் தனித்தனியே தெரிந்தது. மெழுகுவர்த்தி முன்னால் ஆட்டினால் வெறும் புகை மாதிரிதான் இருந்தது. பெட்டியின் வெளிச்சம் விட்டு விட்டுத்தான் வருகிறது, எத்தனை தடவை என்று அளந்துவிடலாம் என்றான்.

சண்டே ஸ்கூல் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் நாடகத்துக்குக் கிரீடம் வெட்டுகிறவன் அவன்தான். அதே கைப்பழக்கத்தில் கறுப்புக் காகிதத்தில் நாற்பத்தைந்து பல் வைத்து ஒரு கிரீடம் வெட்டி, எங்கள் ரெக்கார்டு பிளேயரின் தட்டைச் சுற்றி நிற்க வைத்தான். இது எந்த ராஜாவுக்கு, மச்சான், என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். பெட்டியின் முன்னால் இந்தத் தட்டு சுற்றும்போது, நொடிக்கு இருபத்தைந்து தடவைதான் வெளிச்சம் என்றால் பற்கள் நாற்பத்தைந்தாகவே அசையாமல் நிற்கும், அதற்கு இரட்டிப்பு என்றால் இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு பொய்ப் பல் தெரியும் என்று கணக்குச் சொன்னான். நொடிக்கு இருபத்தைந்து பல் கடந்து போகும்படி, பெரிய ரெக்கார்டு சுற்றுகிற வேகத்தில் தட்டை ஓடவிட்டு, டியூப் லைட்டை அணைத்தான்.

கிரீடம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பற்களோ நின்றன. வெட்டியதைப் போல் இரண்டு மடங்கு பற்கள், நெருக்கமாக.

"கடைக்காரர் சொன்னது படக் கணக்கு, அக்கா. ஒவ்வொரு படத்தையும் ரெண்டு பாதியா வரையுது. வெளிச்சம் அம்பது தடவை வந்து போகுது. நேரா பாக்குற கண்ணு அதுல ஏமாந்துடும். ஓரக்கண்ணு ஏமாறாது. உன் கண்ணுல ஒண்ணுமில்ல."

"அப்ப எங்களுக்கு ஏன் தெரியல?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பிள்ளைங்க கண்ண மூடிக்குதுங்க. நீங்க எங்க, அத்தான், காலண்டரப் பாத்தீங்க? ஜெபம் முடியிறவரைக்கும் உங்க கண்ணு நேரா சினிமாவுலதான இருக்கு."

கூடமே சிரித்தது. அவர் வந்து என் இடத்தில் முழங்கால் போட்டார். காலண்டரை உற்றுப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார் மெதுவாக. "துடிக்குது."

பிறகு எதிர்வீட்டு அக்கா வந்து முழங்கால் போட்டார். அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் போகிறவர். "எனக்கும் துடிக்குது, உங்க சாமி என்னையும் விடல," என்றார். ஒவ்வொருவராக வந்து பார்த்து, துடிக்கிறது, துடிக்கிறது என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, என் நெஞ்சில் அத்தனை நாள் இருந்த கல் இறங்கியது. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றேன்.

அம்மாவுக்கு இருந்ததை நினைத்து, எதற்கும் காட்டிவிடுவோம் என்று திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். அம்மாவுக்கு வந்தது எனக்கு இல்லை என்றார். படிக்க மட்டும் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. போட்ட லீவை என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் கோவளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கரையில் அவர் மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தபடி, கண்ணோரத்தில் கடல் எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். அலையும் படகும்தான் ஆடிக்கொண்டிருந்தன.