மாமாவின் சதுர பேட்டரி

எங்கள் அத்தை எதையும் ஒரேயடியாகச் சாகவிடமாட்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த பழக்கம். அங்கே கிழிந்த படுக்கைவிரிப்பு தலையணை உறையாகும். உறை நைந்தால் தரை துடைக்கும் துணியாகும். வீட்டில் அந்தப் பதவியிறக்கம் பேட்டரிகளுக்கு. டார்ச்சில் மங்கியது டிவி ரிமோட்டுக்கு வரும். அங்கே மக்கர் செய்தால் பல்லால் ஒரு கடி கடித்து, வெயிலில் காயவைத்து, சுவர்க்கடிகாரத்தில் போடுவாள். கடிகாரமும் நின்றுவிட்டால் அடுப்படி அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். "செத்துப்போச்சுன்னு சொல்லாதடி, அசந்து தூங்குது" என்பாள்.

அந்த டப்பாவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒரு மின்சாமான் கம்பெனியின் கிடங்கில் இருக்கிறேன். முனைகளில் டேப் ஒட்டு, இரும்போடு சேர்த்து வைக்காதே, புதியதையும் பழையதையும் கலக்காதே, சூட்டில் வைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். என் சொந்த அத்தையோ தகர டப்பாவில் செய்தித்தாளை விரித்து, பேட்டரிகளோடு ஹேர்பின், சாவி, பாட்டில் மூடி எல்லாவற்றையும் போட்டு அடுப்புக்கு மேலே வைத்திருந்தாள். நல்ல பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அழகாக இருக்கிறதென்று அதில் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள்.

டப்பாவில் ஒரே ஒரு சதுர பேட்டரி இருந்தது. இரண்டு முனைகளும் தலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வகை. அது மாமாவுடையது.

மாமா பஸ் கண்டக்டர். அவர் "போலாம்" என்றால் பின்னால் நிற்கிற பஸ்ஸும் கிளம்பிவிடும் என்று கிண்டல் செய்வோம். தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு டார்ச் மாதிரி ஒரு கருவி கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால், அதன் அதிர்வு வார்த்தையாக வெளியே வரும். தகரத்துக்குள் மாட்டிய வண்டின் சத்தம்தான். கோபமும் கொஞ்சலும் ஒரே சுருதி. அந்தக் குரலில்தான் கடைசி மூன்று வருடமும் அத்தையை "மின்னல்" என்று கூப்பிட்டார். அத்தையின் நடை ஆமை நடை, அதனால் அந்தப் பெயர்.

அவர் இறந்த மறுநாள் அத்தை கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். "இதுல அவர் கொஞ்சம் பாக்கி இருக்கார்" என்றாள். துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அவள் வீடும் என் வீடும் ஒட்டினாற்போல இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவளிடம் கொடுத்துவைத்திருந்த என் வீட்டுச் சாவியை வாங்கப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"மின்னல். சாப்பிட்டியா?"

எட்டிப் பார்த்தேன். கட்டில் விளிம்பில் அத்தை உட்கார்ந்திருந்தாள். கருவி அவள் கழுத்தில் இருந்தது, குரல் அவள் வாயிலிருந்து வந்தது. பிறகு கருவியை இறக்கிவிட்டு, தன் சொந்தக் குரலில், "ம், ஆச்சு" என்று பதில் சொன்னாள்.

என்னைப் பார்த்து அவள் வெட்கப்படவில்லை. "வாரத்துக்கு ரெண்டே வார்த்தைதான்டி. தீர்ந்துட்டா என்ன பண்றது?" என்றபடி பேட்டரியைக் கழற்றி மறுபடியும் டப்பாவில் போட்டாள்.

"அத்தை, அதோட முனையில டேப்பாவது ஒட்டி வைங்க. ஹேர்பின் பட்டா சூடாகித் தீப்பிடிச்சிடும்."

"ஆஸ்பத்திரியில அவர் வாயில ஒட்டின பிளாஸ்திரி பத்தாதா? நீ வேற ஒட்டணுமா?"

ஊரையே அதட்டுகிற நான் டேப்பை ஒட்டாமலே வந்துவிட்டேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் வழியாக அந்த ரீங்காரம் கேட்டால் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைப்பேன். பயம்தான், வேறென்ன?

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை கருகல் வாடை வந்தது. ஓடினேன். டப்பாவின் இடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கரித்துணியால் பிடித்து முற்றத்துச் சிமெண்டுத் தரையில் கொட்டினேன். செய்தித்தாள் சாம்பலாகியிருந்தது. சதுர பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஹேர்பின் கிடந்தது. பேட்டரியின் வயிறு உப்பி வெடித்திருந்தது.

நான் கத்தக் கத்த, அத்தை அதை வெறுங்கையால் எடுத்துக் கருவிக்குள் திணித்தாள். கழுத்தில் வைத்து அழுத்தினாள். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினாள்.

"என்னமோ சொல்ல வந்தார்டி. நான் கொன்னுட்டேன்."

கொன்றது நான். அவள் என்ன திட்டினாலும் அன்றைக்கே டேப்பை ஒட்டியிருக்க வேண்டும். மனசு கேட்காமல் அதே மாதிரி புதுப் பேட்டரி வாங்கி வந்தேன். "கடைப் பேட்டரியில அவர் எப்படி வருவார்?" என்று அவள் மூன்று நாள் அதைத் தொடவே இல்லை.

நான்காம் நாள் அவளே கூப்பிட்டாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். புதுப் பேட்டரியைப் போட்டு, கருவியைக் கழுத்தில் அழுத்தினாள்.

"யார் இது?" என்றது கருவி.

அதே குரல். ஒரு மாற்றமும் இல்லை. மாமாவின் கை படாத பேட்டரியிலிருந்து மாமாவின் குரல்.

அத்தை கருவியை மடியில் இறக்கினாள்.

"இத்தனை நாளும் நான்தான் பேசியிருக்கேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்தவள் கேட்பதைப்போலக் கேட்டாள்.

"அவர் போயிட்டாரா?"

"ஆமா அத்தை" என்றேன்.