புடவையின் பின்பக்கம்

இல்லை, ஆர்டர் வராததற்கு இணையதளம் மெதுவாகத் திறந்தது காரணமில்லை.

செல்வி அக்காவின் பட்டுக்கடைக்கு நான் செய்த இணையதளத்தில் இதுவரை ஓர் ஆர்டர்கூட வரவில்லை. இந்த மாதமும் வராவிட்டால் மூடிவிடலாம் என்றிருந்தார்.

இன்று மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வாலாஜாபாத்திலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். புடவை கட்டிய மாடல் பெண்களின் படங்கள் இருந்த தளத்தை அவரிடம் காட்டினேன்.

"பொண்ணு மூஞ்சிதாம்மா தெரியுது. பொடவைய எங்க ஒளிச்சு வச்சுக்கினு இருக்கீங்க?"

பிறகு ஒரு புடவையை வாசல் வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பின்பக்கம் தெரியப் புரட்டினார். உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவினார். அங்கே சிவப்பு இழையும் பச்சை இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு புடவை நீளத்துக்கும் போயின. இந்தப் பட்டு நெசவு ஊரில் பிறந்த நான் அதை இன்றுதான் பார்த்தேன். கையால் கோத்து நெய்த பட்டுக்கு அதுதான் அடையாளமாம்.

"இதப் பாக்காம யாரும்மா எடுப்பாங்க?"

இதைப் படிக்கும் கடைக்காரர்களே, உங்கள் கடைத் தளத்தில் சரக்கு தெரிகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

நான் மாடல் படங்களை நீக்கிவிட்டு, அதே வெயிலில் பதினொரு புடவைகளின் பின்பக்கத்தைப் படமெடுத்து ஏற்றினேன்.